வேலிக்கு உட்புறம் ஒரு பாதை

ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தமையால் நேர்ந்த ஒரு வேடிக்கையிலிருந்து இதனைத் தொடங்குகிறோம். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு மாலை, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் குடியிருக்கும் எங்கள் மூத்த மகள், "அப்பா, செவ்வாய்க்கிழமை இரவு ஊர் மண்டபத்தில் பாரிஷ் கவுன்சில் கூட்டம். நீங்களும் அம்மாவும் வாருங்கள்" என்றாள். எங்களுள் ஒருவர் திண்டுக்கல் வட்டாரத்தில் எங்கள் பங்கின் பேரவைக்குப் பதினோராண்டுகள் செயலராயிருந்தவர். மற்றவர் அதே பங்கின் மாதர் சங்கத்தை நடத்தியவர். (இதனை ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுகிறோம், எந்த வரி எவருடையது என்று வாசகர்கள் ஆராய வேண்டா.) பாரிஷ் என்றால் பங்கு, பாரிஷ் கவுன்சில் என்றால் பங்குப் பேரவை; எங்களுக்கு வேறு பொருள் தெரியாது. ஆகவே எங்களுள் ஒருவர் பையில் செபமாலையை எடுத்து வைத்துக்கொண்டார். மற்றவர், "தொடக்க செபத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் என்ன செய்வது?" என்று கவலைப்பட்டார். மகள் சிரித்துவிட்டாள். "அங்கே சாமியாரும் இல்லை, செபமும் இல்லை அப்பா. நாய்க்கழிவைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்."

அவள் சொன்னது அப்படியே நடந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

எங்கள் மகள் பக்கத்து நகரத்தில் செவிலியாகப் பணிபுரிகிறாள். அந்நாட்டுக்குச் சென்று அப்போது ஏழாண்டுகள் ஆகியிருந்தன. நாங்கள் மார்ச் மாத இறுதியில் சென்று செப்டம்பர் நடுவில் திரும்பினோம். அவ்வூரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவ்வூரார் எங்களைத் தங்கள் வீட்டார் போல் நடத்தினர், அவர்களை அச்சிலேற்றுவது முறையன்று. கருங்கல் போன்ற சிக்கிமுக்கிக் கற்களால் கட்டிய பழங்கோயில் ஒன்று; வெளிறிய ரோசா நிறம் பூசிய வைக்கோற்கூரை வீடுகள் சில; செங்கல் வீடுகள் பல; ஒரு மதுக்கடை; மரத்தில் செதுக்கி வண்ணந்தீட்டிய ஊர்ப்பெயர்ப் பலகை; சுற்றிலும் கோதுமை, பார்லி, சர்க்கரை எடுக்கும் பீட்டுக் கிழங்கு. ஏப்ரல் கடைசியில் கடுகினத்துச் செடி பூத்து, கண் கூசும் மஞ்சளாக வயல்கள் விரிந்தன. கோயில், சமயப் பிரிவினைக்கு முன்பு கத்தோலிக்கத் திருப்பலி நடந்த கோயில்; இப்போது ஆங்கிலிக்கன் சபையாரது. நாங்கள் ஞாயிறு திருப்பலிக்கு நகரத்துக்குத்தான் சென்றோம்.

நிற்க. பாரிஷ் என்னும் சொல் அங்கும் தொடக்கத்தில் கோயிற்பங்கையே குறித்தது. கோயிலில் திருவுடைகள் வைக்கும் அறைக்கு வெஸ்ட்ரி என்று பெயர். ஊர்ப் பெரியவர்கள் அவ்வறையில் கூடி ஊர்க்காரியம் பேசியமையால் அக்கூட்டத்துக்கே வெஸ்ட்ரி என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1555ஆம் ஆண்டில், கத்தோலிக்க அரசியான முதலாம் மேரியின் ஆட்சியில், ஊர்ச்சாலைகளைச் செப்பனிடும் பொறுப்பு பங்குகளின் மீது வைக்கப்பட்டது. பங்கு மக்கள் ஆண்டுக்கு நான்கு நாள் சாலைவேலை செய்யக் கடமைப்பட்டனர். 1601ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத்தின் சட்டம் ஏழைகளைப் பேணும் கடமையையும் அதே பங்கின் தோளில் ஏற்றியது. கோயிற்காரியமும் ஊர்க்காரியமும் இவ்வாறு ஒரே அறையில் கலந்து கிடந்தன. கிளாட்ஸ்டனின் அமைச்சரவை கொண்டுவந்த 1894ஆம் ஆண்டுச் சட்டந்தான் இரண்டையும் பிரித்தது. 300 பேருக்கு மேல் வாழும் நாட்டுப்புறப் பங்கு ஒவ்வொன்றிலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை அமைய வேண்டும் என்றது அது. அவ்வாண்டு டிசம்பரில் முதல் தேர்தல் நடந்தது. மணமான பெண்களும் அதில் வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் அமரலாம். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கவோ அந்நாட்டுப் பெண்கள் 1918 வரையில் காத்திருந்தனர். பெயர் மட்டும் மாறவில்லை. கோயிலோடு தொடர்பற்ற அந்த ஊர்ச்சபையை இன்றும் பாரிஷ் கவுன்சில் என்றே அழைக்கின்றனர். இங்கிலாந்து முழுவதும் ஏறத்தாழ 10,000 சபைகள் இவ்வாறு இருக்கின்றன.

இவற்றின் அதிகாரம் மிகச் சிறிது. சாலை பெரிய மாவட்ட சபையின் பொறுப்பு. குப்பை அள்ளுவது வட்டார சபையின் பொறுப்பு. ஊர்ச்சபைக்கு எஞ்சுவது புல்வெளி, பிள்ளைகளின் ஊஞ்சல், பேருந்து நிழற்குடை, காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் சிறு நிலத்துண்டுகள், உட்காரும் பலகைகள், அறிவிப்புப் பலகை, குளிர்காலத்தில் வழுக்கும் சாலையில் தூவ உப்புப்பெட்டி. ஊர் மணிக்கூண்டும் தெருவிளக்கும் அமைக்க 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடந்தருகிறது. பணமோ, வீட்டு வரியுடன் சேர்த்து வசூலிக்கப்படும் ஒரு சிறு தொகை. மகளின் வரிச்சீட்டில் அது தனிவரியாக அச்சிட்டிருந்தது. ஆண்டுக்கு அறுபது பவுண்டுக்குள்தான். உறுப்பினர்களுக்குச் சம்பளமில்லை. எழுத்தர் ஒருவர் மட்டும் வாரத்தில் சில மணிநேரம் ஊதியத்துக்கு வேலை செய்கிறார்.

கூட்டம் ஜூன் 13, செவ்வாய், இரவு ஏழரை மணி. இரவு என்பது பெயரளவில்தான். அக்காலத்தில் அங்கே ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். மண்டபத்துச் சன்னல்கள் வழியே வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. மதுக்கடையில் கூடினால் நாற்காலிகள் வசதியாயிருக்குமே என்று கேட்டோம். வேறு பொருத்தமான இடம் கிடைக்கும்போது மது விற்கும் இடத்தில் சபை கூடலாகாது என்று சட்டமே சொல்கிறதாம். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துகள் சிலவற்றை நினைத்துக்கொண்டோம்.

நீள்சதுர மேசையைச் சுற்றி ஐந்து உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியையான தலைவி, எழுத்தர், எதிரே எங்களோடு சேர்த்து ஒன்பது பேர் பொதுமக்கள். ஏழு இடங்கள் உள்ள சபைக்கு மே 4ஆம் நாள் தேர்தலில் ஐவரே முன்வந்தனராம்; எனவே வாக்கெடுப்பே நடவாமல் ஐவரும் உறுப்பினராயினர், இரண்டு இடங்கள் காலி. இதைக் கேட்டதும் எங்களுக்குச் சிறிது ஆறுதலாயிருந்தது என்பதை மறைப்பானேன்? பேரவைக்கு ஆள் கிடைக்காத துன்பம் எங்களுக்கு மட்டும் உரியதன்று.

முதற்பொருள் நாய்க்கழிவு. ஊர்ப் புல்வெளியில் இரண்டாவது குப்பைக்கூடை வைப்பதா, இருப்பதை இடம் மாற்றுவதா என்று நாற்பது நிமிடம் பேசினர். அடுத்தது, மே 6ஆம் நாள் மன்னர் சார்லசின் முடிசூட்டு விழாவின் நினைவாக வைத்த பலகையிருக்கையில் பெயர்த்தகடு கோணலாக இருப்பது. எங்களுள் ஒருவர் கண்ணயர்ந்தே போனார். ஆயினும் ஒன்று கவனித்தோம். எந்தப் பேச்சும் நிரலில் அச்சிட்ட பொருளை விட்டு விலகவில்லை. நிரல் மூன்று முழு நாள்களுக்கு முன்னரே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அதில் இல்லாத பொருளைப் பற்றி முடிவெடுக்கலாகாது. பொதுமக்கள் கூட்டத்தில் அமர்ந்து கேட்பது அவர்கள் தரும் சலுகையன்று, உரிமை. 1960ஆம் ஆண்டில் அவ்வுரிமையை விரிவாக்கிய சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் அப்போது புதிய உறுப்பினராயிருந்த மார்கரெட் தாட்சர். அவருடைய கன்னிப்பேச்சே அதுதான்.

ஐந்தாம் பொருள்: "பெருஞ்சாலை முனையிலிருந்து ஊர் வரும் சாலையில் நடப்போர் பாதுகாப்பு. குடியிருப்பவர் ஒருவரின் கடிதம்."

தலைவி எங்கள் மகளின் பெயரைச் சொல்லி, மூன்று நிமிடம் பேசலாம் என்றார். கடிதம் எழுதியவள் அவள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

அவள் எழுந்து நின்றாள். வீட்டில் எங்களோடு பேசும் குரல் அன்று. மருத்துவமனையில் நோயாளியின் உறவினருக்கு நிலைமையை விளக்கும் குரல் அதுவாக இருக்கலாம். குடும்பத்தில் கார் ஒன்றே. அதனைக் கணவர் கேம்பிரிட்ஜுக்கு வேலைக்கு எடுத்துச் செல்கிறார். மாலை ஏழுக்குப் பின் ஊருக்குப் பேருந்து இல்லை. பணி முடிந்து உடன்பணியாளர் ஒருவர் பெருஞ்சாலை முனையில் இறக்கிவிடுகிறார். அங்கிருந்து ஊர் அரை மைலுக்குச் சற்று மேல். நடைபாதை கிடையாது, இருபுறமும் உயிர்வேலி ஆளுயரத்துக்கு மேல் நெருங்கி நிற்கிறது, வண்டிகளுக்கு அங்கே சட்டம் விதித்த வேகம் மணிக்கு 60 மைல். இவ்வளவும் நாங்களும் அறிந்தவையே. பின்பு அவள் சொன்னாள்: "சென்ற நவம்பரில் ஓரிரவு பீட்டுக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. எனக்கு ஒதுங்க இடமில்லை. நான் பள்ளத்தில் குதித்தேன். கணுக்கால் பிசகி, தண்ணீரில் சற்று நேரம் கிடந்தேன். ஓட்டுநர் என்னைப் பார்க்கவில்லை. அவர் மேல் குற்றமில்லை. நான் மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை."

சென்ற நவம்பர்! அம்மாதம் முழுதும் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவளோடு பேசினோமே. "சளி பிடித்திருக்கிறது, வீட்டிலேயே இருக்கிறேன் அம்மா" என்றாள். சுக்குக் கஷாயம் போட்டுக் குடிக்கச் சொன்னோம். பெற்ற மகளின் துன்பத்தை அயல்நாட்டு மண்டபம் ஒன்றில், அயல்மொழியில், ஒன்பது பேரோடு ஒன்பது பேராய் உட்கார்ந்து கேட்க நேர்ந்தது. எங்களுள் ஒருவர் மற்றவர் கையைப் பற்றிக்கொண்டார். அவள் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. இரண்டரை நிமிடத்தில் பேசி முடித்து உட்கார்ந்தாள்.

அதன்பின் நடந்த விவாதத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். பெரிய மாவட்ட சபையின் உறுப்பினர் ஒருவரும் வந்திருந்தார். நடைபாதை அமைக்கத் தம் சபையிடம் பணமில்லை, காத்திருக்கும் பட்டியல் நீண்டது என்றார். (எந்நாட்டிலும் பட்டியல் நீளமானதுதான் போலும்.) ஒருவர் மூன்று விளக்குக் கம்பங்கள் நடலாம் என்றார். உடனே பின்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்து, இவ்வூரில் எஞ்சியிருக்கும் செல்வம் இருட்டு ஒன்றே, விண்மீன் பார்க்க நகரத்தார் இங்கே வருகிறார்கள், அதையும் கெடுக்க வேண்டா என்றார். எங்களுக்குச் சினம் மூண்டது. ஒருத்தி பள்ளத்தில் விழுந்து கிடந்தாள் என்கிறாள்; இவருக்கு விண்மீன் பெரிதா! ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. "விளக்குப் போட்டாலும் அவர் ஒதுங்க இடம் வேண்டுமே? லாரியை நன்றாகப் பார்த்துக்கொண்டே பள்ளத்தில் குதிப்பார், அவ்வளவுதான்" என்றார். அது சரியான சொல் என்று சற்று நேரம் கழித்தே உணர்ந்தோம். வேலியை வெட்டிச் சாலையை அகலமாக்கலாமே என்றார் வேறொருவர். பறவைகள் கூடு கட்டும் காலமாதலால் மார்ச் முதல் ஆகஸ்டு முடிய உழவர்கள் வேலியை வெட்டலாகாது என்று எழுத்தர் நினைவூட்டினார்.

மேசைக்கோடியில் அதுவரையில் வாய் திறவாத உறுப்பினர் ஒருவர், உழவர், சட்டைக்கையை மடித்தபடி மெல்லச் சொன்னார்: "நவம்பரில் அச்சாலையில் போகும் லாரிகளுள் பாதி என் வயலிலிருந்து போகிறவை." மண்டபம் அமைதியாயிற்று. "வேலிக்கு உட்புறம் வயலோரமாக இரண்டு மீட்டர் விட்டுத்தருகிறேன். எப்படியும் அவ்விளிம்பில் பயிர் சரியாக வருவதில்லை." வேலிக்கு வெளியே சாலையில் நடப்பதற்குப் பதிலாக, வேலிக்கு உள்ளே வயலில் நடப்பது. இவ்வளவு எளிய வழி அதுவரை எவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஊராயிருந்தால் அப்போதே கைதட்டி முடித்திருப்போம். அங்கே முடிக்கவில்லை. நிலம் தருவது நிரலில் இல்லாத பொருள். ஆகவே ஜூலை 11ஆம் நாள் கூட்டத்துக்கு ஒத்தி வைத்தனர். அன்றும் சென்றோம். பாதை இரு வகைப்படும் என்று எழுத்தர் விளக்கினார். சட்டப்படி பொதுவழியாகி வரைபடத்தில் ஏறிவிட்ட பாதையை எளிதில் மூட முடியாது. நிலமுடையவர் இசைவால் திறந்துவிடும் பாதை அவர் இசைவு உள்ளவரைதான். இது இரண்டாம் வகை. எனவே பத்தாண்டுக்கு எழுத்து வடிவில் உடன்படிக்கை வேண்டும். வாக்கெடுப்புக்கு முன் அவ்வுழவர் எழுந்து, "இதில் எனக்கு நலத்தொடர்பு உண்டு" என்று சொல்லி, பதிவு செய்யச் செய்து, மண்டபத்தை விட்டு வெளியேறிவிட்டார். கொடுப்பவர்தாமே, பெறுபவர் அல்லரே, அவர் ஏன் போக வேண்டும் என்று வியந்தோம். அவர் நிலத்தின்மேல் சபை பணம் செலவிடப் போகிறது. எனவே அவர் அங்கிருக்கலாகாது. சன்னலுக்கு வெளியே தம் நாயைத் தடவிக்கொண்டு நின்றவர், தலைவி போய் அழைத்த பின்னரே உள்ளே வந்தார். பதினோராண்டு செயலராயிருந்தவர் அன்றிரவு வீடு வரும் வரையில் பேசவில்லை.

இரண்டு சிறு வாயில்கள், நொறுக்குக் கல், வழிகாட்டிப் பலகை. ஆக மொத்தம் 1,850 பவுண்டு. கல்லா, மரச்சீவலா என்று அரைமணி நேரம் வழக்காடினர். கல் வென்றது.

இதைப் படிப்போர் அங்கே எல்லாம் பொன்னாயிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டா. கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் தலைநரைத்தவர்கள். நகரத்துச் செல்வர்கள் வாங்கிவிட்டமையால் அவ்வூரில் பிறந்த இளைஞருக்கு அவ்வூரில் வீடு வாங்க இயலவில்லை. பேருந்து குறைந்ததே இத்துன்பத்துக்கெல்லாம் வேர். அதனை மாற்ற ஊர்ச்சபையால் இயலாது. இயலாதவற்றைப் பற்றிக் கடிதம் எழுதுவதிலேயே அவர்கள் காலம் பாதி கழிகிறது.

எனினும் சில சிறு காரியங்கள் கண்ணுக்கு இனியவை. பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனம் 2008 முதல் ஊர்ச்சபைகளுக்கு ஒரு பவுண்டு விலைக்குத் தருகிறது. எங்கள் மகளின் ஊரிலும் அவ்வாறு வாங்கிய கூண்டு ஒன்றில், நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் மீண்டும் இயக்கும் கருவியைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அவசர எண்ணான 999க்குப் பேசினால் பூட்டின் குறியெண்ணைச் சொல்லுவர். எங்கள் மகள் ஊராருக்கு அதைக் கையாளக் கற்றுக்கொடுத்த நாளில் இருபது பேர் வந்தனர். நாய்க்கழிவுக் கூட்டத்தைவிட இரு மடங்கு! அக்கூண்டை 1935இல் வரைந்த சர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் கத்தோலிக்கர் என்பதும், லிவர்ப்பூலில் ஆங்கிலிக்கன் சபையாரின் மாபெரும் பேராலயத்தை வரைந்தவர் அவரே என்பதும் நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாயிருக்கும்.

ஜூலையில் அறிவிப்புப் பலகையில் இன்னொரு தாள் கண்டோம். சபையின் கணக்குப் புத்தகத்தை 30 வேலைநாள்கள் எவரும் வந்து பார்க்கலாம் என்றிருந்தது. ஜூலையின் முதற்பத்து வேலைநாள்கள் அதில் கட்டாயம் அடங்க வேண்டுமாம். எத்தனை பேர் வந்து பார்த்தனர் என்று எழுத்தரைக் கேட்டோம். "ஒருவரும் வரவில்லை. ஆனால் வரலாம் என்பது எனக்குத் தெரியுமே" என்றார்.

செப்டம்பர் 9, சனிக்கிழமை, பாதை போடும் நாள். அறுவடை முடிந்து வயல் வெறுந்தாளாகக் கிடந்தது. வேலி வெட்டவும் தடையில்லை. அவ்வாரம் இங்கிலாந்தில் தொடர்ந்து ஏழு நாள் 30 பாகைக்கு மேல் வெயில் அடித்தது. செப்டம்பரில் அங்கே அதற்குமுன் அவ்வாறு நேர்ந்ததில்லை. ஆங்கிலேயர்கள் தக்காளிப்பழமாய்ச் சிவந்து மரநிழலில் விழுந்து கிடக்க, நாங்களிருவரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கல்லைச் சட்டியில் அள்ளிக் கொட்டினோம். விண்மீன் பெரியவர் எங்களுக்கு நீர் கொண்டுவந்து தந்தார். சம்பளமின்றி, வற்புறுத்தலின்றி இருபத்தைந்து பேர் வந்தனர். 1555இன் நான்கு நாள் சாலைவேலை எங்கள் நினைவுக்கு வந்தது. அது கடமை, இது விருப்பம். அன்றிரவே வேலிக்கு உட்புறமாக, கையில் டார்ச்சு விளக்கோடு, மகள் முன்னே நடக்க நாங்கள் பின்னே நடந்தோம். மறுபுறம் சாலையில் கார் ஒன்று சீறிக்கொண்டு போயிற்று. வேலியின் இலைகளினூடே அதன் ஒளி சிதறியது. மேலே சப்தரிஷி மண்டலம் எங்கள் ஊரில் தெரிவதைக் காட்டிலும் உயரத்தில், மிகத் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெரியவர் மேல் எங்களுக்கிருந்த சினம் அங்கேதான் தீர்ந்தது.

"ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று அப்போதுதான் கேட்டோம். "சொன்னால் ஊருக்கு வந்துவிடு என்பீர்கள். இவர்களிடம் சொன்னால் பாதை போடுவார்கள் என்று தோன்றிற்று" என்றாள்.

நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்பதை அவள் சரியாகவே அறிந்திருந்தாள்.

வீடு வந்து படுத்த பின்பு எங்களுள் ஒருவர் இருட்டில் கேட்டார்: "கீழத்தெருப் பெண்கள் எழுதிய மனு நினைவிருக்கிறதா?" மற்றவருக்கு நினைவிருந்தது, ஜூன் 13 முதலே அவருக்கும் அதே நினைவுதான். எங்கள் பங்கின் கீழத்தெருவிலிருந்து கோயிலுக்கு வரும் ஒற்றையடிப் பாதை முட்புதர்களினூடே செல்வது. விடியற்காலைத் திருப்பலிக்கும், இரவு நவநாளுக்கும் அப்பெண்கள் அவ்வழியே வரவேண்டும். ஒரு விளக்குப் போட்டுத்தர ஏற்பாடு செய்யும்படி பதினேழு பேர் கையொப்பமும் கைந்நாட்டுமாய் எழுதிக்கொடுத்தனர். பேரவைக் குறிப்பேட்டில், "மனு வாசிக்கப்பட்டது, குறித்துக்கொள்ளப்பட்டது" என்று எங்களுள் ஒருவரின் கையெழுத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டும் மனு வந்தது, அதே வரி. மூன்றாம் முறையும் வந்தது. பிறகு வரவில்லை. வராமற் போனதால் குறை தீர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டோம். அப்பெண்களுள் ஒருவரையேனும் கூட்டத்துக்கு அழைத்து, "சொல்லம்மா" என்று கேட்டதில்லை. மாதர் சங்கத் தலைவியும் அக்கூட்டங்களில் அமர்ந்துதான் இருந்தார். எழுதுகிறபோது வெட்கமாயிருக்கிறது. அவ்வாண்டுகளில் நாங்கள் கட்டிய கொடிமரத்துக்கு ஆன செலவு, பத்து விளக்குக் கம்பங்களுக்குப் போதும்.

ஊர் திரும்பிய மறுவாரம் கீழத்தெருவுக்குச் சென்றோம். மனுவில் முதலில் கையெழுத்திட்டவர் இப்போது பாட்டியாகிவிட்டார். "அந்தப் பாதையா சார்? அதை அப்பவே விட்டுட்டோம். தார் ரோட்டுல சுத்தித்தான் வர்றோம். கூட ஒரு மைல்தான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. காப்பி கொடுத்தார்.

பங்குத்தந்தையிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். பழைய கோப்பைத் தேடியெடுத்து மூன்று மனுக்களையும் அவர் மேசையில் வைத்தோம். அவற்றில் ஒன்றைக் கறையான் பாதி தின்றிருந்தது. அவர் இளைஞர், நாங்கள் செயலராயிருந்த காலத்தில் குருமடத்திற்கூடச் சேராதவர். "மனு எழுதியவர்களையே வரச்சொல்லுங்கள்" என்றார்.

நவம்பரில் மகள் பேசினாள். மழையில் பாதையின் நடுவே ஓரிடத்தில் கல் அமிழ்ந்து சேறாகி, இருவர் வழுக்கி விழுந்தனராம். டிசம்பர் மாத நிரலில் அது இருக்கிறதாம். சபையின் காலியிடம் ஒன்றில் தன்னைச் சேர்த்துக்கொள்ள விரும்புவதாகத் தலைவி கேட்டிருக்கிறார் என்றும், இன்னும் பதில் சொல்லவில்லை என்றும் சொன்னாள். "நாய்க்கழிவை நினைத்தால்தான் தயக்கமாயிருக்கிறது அப்பா."

எங்கள் பங்குப் பேரவை 2024 பிப்ரவரியில் கூடியபோது கீழத்தெரு விளக்கு நான்காம் பொருளாக இருந்தது. நாங்கள் இப்போது உறுப்பினரல்லர், பின்பலகையில் அமர்ந்திருந்தோம். பதினேழு பேரில் மூவர் வந்திருந்தனர். சுவரோரமாக நின்றவர்களைப் பங்குத்தந்தை நாற்காலியில் அமரச் சொன்னார். பாட்டி எழுந்து முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, எவ்வளவு நேரம் பேசலாம் என்று கேட்டார். ஊராட்சிக்கு எழுதி, செலவில் ஒரு பகுதியைப் பங்கே ஏற்று, கம்பம் நட்டது அவ்வாண்டு ஜூலையில்.